மூணு விரல் மரியாதை

உக்காருங்க சார். அந்த முக்காலி வேணாம், ஒரு கால் குட்டை. இதுல உக்காருங்க. தேத்தண்ணியா, கோப்பியா? சீனங்களோட ரகசியச் சங்கத்தப் பத்திப் புஸ்தகம் எழுதறேன்னு சொன்னீங்களே, உங்கள யாரு இங்க அனுப்புனது? பாசார்ல விசாரிச்சீங்களா? மூலைத் தூணுகிட்ட இருக்கற ஒட்டுக்கடையில போயிக் கேளுங்கன்னு சொன்னாங்களா? பாருங்க, நான் வாயத் தொறந்து ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. ஆனாலும் ஊருக்குத் தெரியுது. பேரு எழுதிக்குங்க. ஏகாம்பரம்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்கும் அந்தச் சங்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் பக்திமான். ஆனா எனக்குத் தெரியாத விஷயமும் கிடையாது. ரகசியச் சங்கம்னு பேருதான் சார், யாரு எந்தச் சங்கம்னு பால் ஊத்தற வங்காளிக்குக் கூடத் தெரியும். ஈயச் சுரங்கத்துக்காக உண்டான ஊரு இது. இங்க ரெண்டு சங்கம். ஒண்ணு மஞ்சள் விசிறி, இன்னொண்ணு மூணு கிணறு. மஞ்சள் விசிறி ஆளுங்க இடுப்புல விசிறி சொருகிக்கிட்டுத் திரிவானுங்க. மழைக்காலத்துலயும் விசிறிதான். இதுல என்ன ரகசியம்?

இந்தக் கடையில தேத்தண்ணி கலக்கறது நான். கோப்பை கழுவறது என் வீட்டுக்காரி பச்சையம்மா. காய்கறி வாங்கப் பாசார் வரைக்கும் போயிருக்கா, வந்துருவா. அவ சின்னப்பிள்ளையில இருந்தே சீனத்திங்களோட உக்காந்து கீரை வித்தவ. கண்டோனீஸ் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. எனக்கு அந்தப் பாஷை வாயில நுழையாது. அதனால சீனன் யாராச்சும் நீளமாக் கேட்டா அவ எனக்குத் தமிழ்ல சொல்லுவா, நான் பதில் சொன்னா அத அவனுக்குச் சொல்லுவா. பேசறது நான், ஒப்பிக்கறது அவ. இத நல்லா ஞாபகம் வச்சுக்குங்க, புஸ்தகத்துல தப்பா வந்துடக் கூடாது.

இப்ப நாம உக்காந்திருக்கமே, கடைக்கு முன்னால கூரை போட்ட நடைபாதை, இதுக்கு அஞ்சடின்னு பேரு. அஞ்சு அடி அகலம். பின்னால இருக்கறது சோங் தவ்கேயோட கோப்பிக்கடை. தவ்கேன்னா முதலாளி. பளிங்கு மேசை, சுழல்ற காத்தாடி, எல்லாம் வச்சிருக்கான். ஆனா கூட்டம் என்கிட்ட. வயிறு எரியுமா எரியாதா? சீனப் பெருநாள் முடிஞ்சதும் தூண விட்டுக் கிளம்பிடணும், அங்க என் மேசையப் போடப் போறேன்னு ஒரு நாள் சொல்லிட்டான்.

நான் பச்சையம்மாகிட்ட ஓடினேன் சார். இந்தத் தூண விட்டா வேற எங்க போவேன்? திரும்பவும் ரப்பர் தோட்டத்துக்குப் போயி பால் எடுக்க மரம் வெட்டவா? மனுசன் ஒரு தடவ நிழல்ல நின்னு பழகிட்டா அந்தக் கொசுக்கடிக்குத் திரும்ப முடியாது. பச்சையம்மா மட்டும், "பாத்துக்கலாம், நீங்க சும்மா இருங்க"ன்னா. பொம்பளைங்களுக்கு உலக விவரம் தெரியாது, அதான் தைரியம்.

அந்தக் கவலையில நின்னப்பதான் வெந்நீர் விரல்ல கொட்டிடுச்சு. இந்த ஆள்காட்டி விரல். தோலு வழண்டு போயி, பெரிய ஆஸ்பத்திரில கட்டுப் போட்டு விட்டாங்க. மடக்க முடியாது. விறைச்சுக்கிட்டு நிக்கும். கோப்பையத் தூக்கணும்னா பெருவிரல விளிம்புல வச்சு, நடுவிரலும் மோதிர விரலும் அடியில குடுத்துத் தூக்கணும். மூணு விரல்லதான் வியாபாரம். வலி உயிர் போகும். வலி வெளிய தெரியக் கூடாதுன்னு மூஞ்சிய உம்முன்னு வச்சுக்குவேன்.

அந்த வாரமே மஞ்சள் விசிறிப் பய ஒருத்தன் வந்தான். வழக்கமா வர்றவன்தான். ஒரு தேத்தண்ணி குடிப்பான், 'தேத்தண்ணிக் காசு'ன்னு கை நீட்டுவான், குடிச்சதுக்கு நம்மகிட்டயே காசு வாங்கிட்டுப் போவான். அன்னிக்குக் கோப்பைய நீட்டினேன். அவன் என் கையையே பார்த்தான். அப்புறம் மூஞ்சியப் பார்த்தான். சட்டுனு எழுந்து நின்னு, ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிச்சுட்டு, காசு வச்சுட்டுப் போனான் சார். வச்சுட்டுப் போனான்!

மறுநாள் நாலு பேரு. அதுக்கு மறுநாள் அவங்க தலைவரே வந்துட்டாரு, யிப் கிழவர். ஒல்லியான ஆளு, வாயில ஒரு தங்கப்பல்லு. சுத்தி நிக்கறவனுங்க அவர 'தாய் லோ, தாய் லோ'ங்கறானுங்க. ஆம்பளையப் போயி தாய்ங்கறானுங்களே, இவனுங்களுக்கு யாரு தமிழ் சொல்லிக் குடுத்ததுன்னு பச்சையம்மாகிட்ட கேட்டேன். 'தாய்'னா அவங்க பாஷையில பெரியன்னு அர்த்தமாம், தாய் லோன்னா பெரியண்ணனாம். எனக்கு அது அவ்வளவு திருப்தியா படல.

கிழவரும் என் கையப் பார்த்தாரு, குனிஞ்சு கோப்பைய வாங்கினாரு. அன்னிலேர்ந்து நம்ம கடையில உக்காந்துதான் தேத்தண்ணி. சோங் தவ்கே வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். தூணப் பத்தின பேச்சே எடுக்கல.

வீட்டுல பச்சையம்மா சொன்னா, "என்னங்க, அது உங்க விரலு செய்யற வேலைங்க. அவங்க சங்கத்துல மூணு விரல்ல கோப்பை பிடிச்சுக் குடுத்தா பெரிய பதவிக்காரன்னு அடையாளமாம். பழைய காலத்து சைகையாம். நீங்க வேற ஊருலேர்ந்து வந்து மறைஞ்சிருக்கற பெரிய ஆளுன்னு நினைச்சுட்டாங்க. யாரும் கேட்டா உண்டுன்னும் சொல்லாதீங்க, இல்லேன்னும் சொல்லாதீங்க."

நான் சிரிச்சுட்டேன். விரலாவது மண்ணாவது! ஒரு மனுசன் நேர்மையா வாழ்ந்தா அது மூஞ்சியில தெரியும். சீனன் மூஞ்சி பாக்கறதுல கெட்டிக்காரன், ஜோசியமே மூஞ்சியப் பார்த்துதான் சொல்லுவான். என் மூஞ்சியில ஒரு களை இருக்கு சார். நீங்களே பாருங்க. வெளிச்சத்துக்குத் திரும்பறேன். தெரியுதா?

உங்க புஸ்தகத்துக்கு வேண்டிய சரித்திரத்தையும் சொல்லிடறேன். இதெல்லாம் யிப் கிழவர் சொல்ல, பச்சையம்மா சொல்ல, நான் கேட்டது. சீனாவுல மாஞ்சுன்னு வடக்கத்தி ராஜா வந்து நாட்டப் பிடிச்சுக்கிட்டானாம். அவனக் கவுத்துட்டுப் பழைய ராஜா வம்சத்தக் கொண்டு வரணும்னு கொஞ்சம் பேரு கோழிய அறுத்து, ரத்தத்தச் சாராயத்துல கலந்து குடிச்சு, அண்ணன் தம்பின்னு சத்தியம் பண்ணாங்களாம். வெளிய பேசினா தலை போயிடும். அதனால தேத்தண்ணிக் கடையில உக்காந்து கோப்பையாலயே பேசிக்குவாங்களாம். இப்படி வச்சா உதவி வேணும், அப்படி வச்சா ஓடிப் போ. அப்புறம் பஞ்சம், சண்டை, கப்பலேறி இங்க ஈயம் தோண்ட வந்தாங்க. கப்பல்லேர்ந்து இறங்குனவனுக்குச் சோறு, படுக்க இடம், செத்தாப் பெட்டி, எல்லாம் சங்கம்தானாம். சுரங்கத்துக்கு வர்ற வாய்க்கால் தண்ணிக்காக ஒரு சங்கம் இன்னொரு சங்கத்த வெட்டிச் சாய்ச்சதும் உண்டாம்.

கேக்க நல்லா இருந்துச்சு. நான் கேட்டேன், "பச்சே, அந்த மாஞ்சு ராஜா இன்னும் இருக்கானா கேளு." அவன் கவுந்து அம்பது வருசத்துக்கு மேல ஆச்சாம். "அப்ப இப்ப யாரக் கவுக்கறாங்கன்னு கேளு"ன்னேன். கிழவர் கோப்பையில மிச்சம் இருந்ததக் குடிச்சாரு. அப்புறம், பாசார்ல லாரி நிறுத்தற இடத்துல மூணு கிணறு ஆளுங்க வம்பு பண்றானுங்கன்னு சொன்னாரு.

எனக்கு அவரு மேல பாவமாப் போச்சு. நம்ம கோயில் கமிட்டியும் அப்படித்தானே சார்? சாமிக்காக ஆரம்பிச்சது. இப்ப யாருக்கு மொத மாலைன்னு மண்டைய உடைச்சுக்கறானுங்க, சாமிய அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்னு தள்ளி வச்சுட்டானுங்க. சீனங்களாவது கோழி அறுத்துச் சத்தியம் பண்ணிட்டு அடிச்சுக்கறாங்க.

அந்த லாரி விஷயம் முத்திப் போச்சு. வெட்டுக்குத்து வரும்னு பாசாரே பயந்துச்சு. ரெண்டு சங்கமும் பொது இடத்துல உக்காந்து பேசணும்னு முடிவாச்சு. எங்க? என் கடையில! இருக்கற மேசையெல்லாம் பிடிச்சுக்கிட்டானுங்க. மத்தியானம் வந்து உக்காந்தவனுங்க, ஆளுக்கு ஒரு தேத்தண்ணி. ஒரே ஒரு தேத்தண்ணி சார். மேசையக் குத்தறான், எழுந்திருக்கறான், உக்கார்றான். வாடிக்கைக்காரங்க வந்து எட்டிப் பாத்துட்டு சோங் கடைக்குப் போறாங்க. எனக்கு விரலு வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில கேத்தலத் தொப்புன்னு வச்சுட்டுக் கத்திட்டேன், "டேய்! ஒரு தேத்தண்ணிய வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்டா உக்காருவீங்க? எழுந்திரிங்கடா, மேசையத் துடைக்கணும்! பச்சே, சொல்லு இவனுங்ககிட்ட!"

அவ்வளவு பேரும் என் பக்கம் திரும்பினானுங்க. பச்சையம்மா முந்தானையில கையத் துடைச்சுக்கிட்டு முன்னால வந்தா. நிதானமாப் பேசினா. பேசினா, பேசினா, பேசிக்கிட்டே இருந்தா. மூணு கிணறு தலைவனப் பார்த்து ஏதோ கேட்டா, அவன் தலைய ஆட்டினான். யிப் கிழவரப் பார்த்து ஏதோ கேட்டா, அவரும் ஆட்டினாரு. விரலால மேசை மேல கோடு போட்டுக் காட்டினா. நான் சொன்னது ரெண்டு வரிதான். ஆனா கண்டோனீஸ் அப்படித்தான் சார், நாம ஒரு வார்த்தையில சொல்றத அதுல நீட்டி முழக்கித்தான் சொல்ல முடியும்.

ரெண்டு தலைவரும் எழுந்தாங்க. கோப்பைய மாத்திக்கிட்டுக் குடிச்சாங்க. என்னப் பார்த்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க. மறுநாள்லேர்ந்து காலையில மஞ்சள் விசிறி லாரி, மத்தியானத்துக்கு மேல மூணு கிணறு லாரி. சண்டையே இல்ல. எப்படிப் புரிஞ்சுக்கிட்டானுங்க பாருங்க! நான் மேசையத் துடைக்கணும்னுதான் சொன்னேன். ஒருத்தன் எழுந்தாத்தான் அடுத்தவன் உக்காரலாம்ங்கறத அதுலேர்ந்து எடுத்து லாரி வரைக்கும் யோசிச்சிருக்கானுங்க. புத்திசாலி ஜனங்க.

அப்படியே போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். விரலு ஆறிப் போச்சு. கட்ட அவுத்தாச்சு. நான் பழையபடி முழுக் கையால கோப்பையப் பிடிச்சுக் குடுத்தேன். பச்சையம்மா, "இன்னும் கொஞ்ச நாளைக்குக் கட்டோட இருங்களேன்"னு கெஞ்சினா. அவளுக்கு என் மேல அவ்வளவு கரிசனம். ஆறின விரலுக்கு எதுக்குடி கட்டுன்னுட்டேன் நான்.

பினாங்குலேர்ந்து ஒரு ஆளு வந்தான், யிப் கிழவரோட விருந்தாளி. நான் கோப்பைய நீட்டினதும் அவன் கிழவரப் பார்த்தான், கிழவர் என்னப் பார்த்தாரு. பின்னால சோங் தவ்கே சிரிச்சான். அன்னிக்கே கிழவர்கிட்ட போயி வத்தி வச்சுட்டான். இவன் பெரிய ஆளும் இல்ல, சின்ன ஆளும் இல்ல, போலி, விரல்ல கொப்புளம் வந்தவன், உங்க எல்லாரையும் ஏமாத்திட்டான்னு. அவங்க சத்தியத்துல போலிக்குத் தண்டனை என்ன தெரியுமா? எந்தக் கையால பொய் சைகை காட்டினானோ அந்தக் கை போயிடும்.

பக்கத்துல முடி வெட்டற ஆ தீ ஓடி வந்து இத மலாய்ல சொல்லித்தான் எனக்குத் தெரியும். பயந்தேன் சார், மறைக்க என்ன இருக்கு. கை போனா எதால தண்ணி கலக்கறது? ஓடிடலாம்னேன். பச்சையம்மா அசையல. "ஓடினாத் தூணு போயிடும். நீங்க உண்மையச் சொல்லுங்க, மிச்சத்த நான் சொல்லிக்கறேன்"ன்னா. மிச்சம்னா என்ன மிச்சம்னு எனக்கு அப்பவும் புரியல, இப்பவும் புரியல.

காலையில யிப் கிழவர் வந்தாரு. பின்னால பத்துப் பதினஞ்சு விசிறி. சோங் தவ்கே தன் ஆளுங்ககிட்ட பளிங்கு மேசையத் தூக்கிக்கிட்டு வரச் சொல்லித் தயாரா நிக்கறான். கிழவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. நீ எங்க ஆளா, இல்லையா?

நான் நிமிர்ந்து நின்னேன். "பச்சே, சொல்லு. நான் எந்தச் சங்கத்துலயும் இல்ல. தேத்தண்ணி கலக்கறவன். கோயில் கமிட்டியிலேர்ந்தே போன வருசம் என்னத் தூக்கிட்டானுங்க. அதையும் சொல்லு."

அவ பேச ஆரம்பிச்சா. அடேயப்பா! என் விரலக் காட்டினா. சோங்கக் காட்டினா. பாசார்ப் பக்கம் கை நீட்டினா. நடுவுல 'லோரி, லோரி'ன்னு காதுல விழுந்துச்சு. நான் லாரியப் பத்தி ஒண்ணுமே சொல்லல. அவங்க பாஷையில கோயில் கமிட்டிக்கு லோரின்னு பேரு போலிருக்கு. கிழவர் குறுக்குக் கேள்வி கேட்டாரு, இவ பதில் சொன்னா. ஒரு கட்டத்துல விசிறிக்காரனுங்க எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டானுங்க, பள்ளிக்கூடத்துல திட்டு வாங்கற மாதிரி. கிழவர் தங்கப்பல்லு தெரியச் சிரிச்சாரு.

அப்புறம் பச்சையம்மா தானே ஒரு தேத்தண்ணி கலந்தா. கலந்து, மூணு விரல்ல பிடிச்சு நீட்டினா. பாவம், நான் கட்டோட பிடிச்சதப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சு. கிழவர் எழுந்து நின்னு, ரெண்டு கையால வாங்கி, குனிஞ்சு குடிச்சாரு. பின்னால இருந்த அத்தனை பேரும் குனிஞ்சானுங்க. பளிங்கு மேசை வந்த வழியே உள்ள போச்சு.

ஆ தீ என்னமோ உளறினான். "உன் பெண்டாட்டி, என் புருசன் வாயால ஒரு தடவையும் சங்கத்து ஆளுன்னு சொன்னதில்ல, ஒரு கொப்புளத்தப் பார்த்துக் குனிஞ்சது நீங்க, கைய வெட்டினா ஊரே உங்களப் பார்த்துச் சிரிக்கும்னு சொன்னா. லாரிச் சண்டையத் தீர்த்து வச்சது புருசன் இல்ல, நான்தான்னும் சொன்னா. கிழவர், எங்களுக்கு இப்படி ஒரு ஆளுதான் தேவைன்னுட்டாரு"ன்னான். ஆ தீ ஹொக்கியன்காரன் சார், அது வேற சீனப் பாஷை. அவனுக்குக் கண்டோனீஸ் அரைகுறை. நான் உண்மையச் சொன்னேன், உண்மைக்கு மரியாதை கிடைச்சிச்சு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவ கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். என்ன சொன்னே பச்சேன்னு கேட்டேன். "நீங்க சொன்னதத்தாங்க சொன்னேன்"னா. எனக்குக் கிடைச்ச மாதிரி வீட்டுக்காரி யாருக்கும் கிடைக்க மாட்டா சார். ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல.

இப்ப அந்தப் பசங்க அவளயும் 'தாய்'னுதான் கூப்பிடறானுங்க. தாய் கா ச்சேவோ என்னவோ, பின்னால ஏதோ வால் ஒட்டிக்கிட்டு வருது. ஆனா தாய்ங்கறது நல்லாக் காதுல விழுது. பழகப் பழகத் தமிழ் வந்துருச்சு பாருங்க. தினம் ரெண்டு மூணு பேராவது வந்து அவகிட்ட கிசுகிசுன்னு பேசிட்டுப் போறானுங்க. சமையல் குறிப்புக் கேக்கறானுங்க போலிருக்கு. அதனால கோப்பை கழுவறதும் இப்ப நானேதான்.

ஒரே ஒரு மனக்குறை. தூணத் தாண்டி இன்னொரு மேசை போட்டா நாலு பேரு கூட உக்காரலாம். சோங்கப் போயிக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல, பெரிய இடத்துல கேளு"ன்னான். யிப் கிழவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு வயசாயிடுச்சு, இடம் ஒதுக்கறதெல்லாம் இப்ப வேற ஆளு பாக்குதுன்னு கை காட்டினாரு. அவரு காட்டின பக்கம் நம்ம கடைதான் இருக்கு, அதத் தாண்டிப் போலீஸ் ஸ்டேசன். யாரச் சொல்றாருன்னே விளங்கல. சரின்னு பச்சையம்மாகிட்ட வந்து, "யாரோ புது ஆளாம், நீதான் பாஷை தெரிஞ்சவ, அந்த ஆளுகிட்ட எனக்காக ஒரு வார்த்தை பேசேன்"னேன்.

அவ என்ன சொன்னா தெரியுமா? "இருங்க, உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு கேட்டிருக்காங்க"ன்னா. நானும் காத்துக்கிட்டிருக்கேன். அவ பக்குவமாப் பேசுவா சார், அந்த ஆளு யாரா இருந்தாலும் சம்மதிக்க வச்சுருவா.